பாலக்காட்டுக் கணவாய் வாயிலில் பேரூரும் வெள்ளலூரும்

கேள்வி (மயிலாடுதுறை வாசகர்):
‘காலின் வந்த கருங்கறி மூடை’ என்று பட்டினப்பாலை பூம்புகாரின் வளத்தைப் பாடுவதற்கு, வண்டியில் வந்த மிளகு மூட்டை என்று பொருள் கூறுவர். மலையையே காணாத நம் சமவெளிக்குச் சேரநாட்டு மிளகு தரைவழியே எவ்வாறு வந்தது? கோவையை அடுத்த பேரூரும் வெள்ளலூரும் கணவாயின் இரட்டை ஊர்கள் என்று ஒரு சொற்பொழிவில் கேட்டேன். அதற்குச் சான்று உண்டா?

மறுமொழி 1 (கோவையில் பணிபுரியும் திருவாரூர்க்காரர்):
ஐயா, நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் இடையே மேற்குத் தொடர்ச்சி மலை ஏறக்குறைய 30 கிலோமீட்டர் அகலத்துக்குத் தாழ்ந்து வழிவிடுகிறது. பொதிமாடும் வண்டியும் பெரிய ஏற்றமின்றிக் கடக்கக்கூடிய இடம் அது. கணவாயைத் தாண்டியதும் நொய்யல் கிடைக்கும். அதன் போக்கிலேயே கொடுமணல் என்னும் ஊரைக் கடந்து கிழக்கே வந்தால் காவிரியையும் கரூரையும் அடையலாம். அதற்குமேல் வழி சொல்ல நமக்கு ஆள் வேண்டியதில்லை. நீங்கள் கேட்ட இரண்டு ஊர்களும் அந்த நொய்யல் வழியில்தான் உள்ளன. வெள்ளலூரில் 1842இல் கிடைத்த புதையலில் அகஸ்டஸ், டைபீரியஸ் ஆகிய ரோமப் பேரரசர்களின் வெள்ளிக் காசுகள் நூற்றுக்கணக்கில் இருந்தன. பின்னரும் அவ்வூரில் ரோமக் காசுகள் கிடைத்தன. கடற்கரையிலிருந்து இவ்வளவு தொலைவில் அவை குவிந்ததற்குப் பெருவழி வணிகமே பொருத்தமான விளக்கம்.

மறுமொழி 2 (தஞ்சாவூர்):
சோழர் தொடர்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சுண்டக்காமுத்தூர் அருகே பாறையில், தமிழ் எழுத்திலும் வட்டெழுத்திலும் வெட்டப்பட்ட வெண்பா ஒன்று அவ்வழியை ‘இராசகேசரிப் பெருவழி’ என்கிறது. அது 9ஆம் நூற்றாண்டில் கொங்கு நாட்டை வென்ற சோழ மன்னன் முதலாம் ஆதித்தன் காலத்தது என்று ஆய்வாளர் கருதுவர். காவிரியின் இருகரையிலும் சிவாலயங்கள் எடுத்தவன் என்று அன்பில் செப்பேடு புகழும் அதே மன்னன்தான்! வண்டலில் வேரூன்றிய அரசுக்கு மலைவாயில் ஒரு பெருவழி ஏன் தேவைப்பட்டது என்பதற்கு மிளகை நினைத்தாலே போதும்.

மறுமொழி 3 (கும்பகோணம்):
ஒரு திருத்தம். ‘இரட்டை ஊர்கள்’ என்பது இக்காலத்தவர் வசதிக்காகச் சொல்வது. வெள்ளலூர்க் காசுகள் கி.பி. முதல் நூற்றாண்டைச் சுட்டுகின்றன. பேரூர்ப் பட்டீசுவரர் கோயிலின் கல்வெட்டுகளோ பல நூற்றாண்டுகள் பிற்பட்டவை. ஆகவே கோயிலை வைத்துப் பேரூரைச் சங்ககால வணிக நகரமாக்கிவிட வேண்டாம். சங்ககாலத்துக்கு இணையூர் தேடுவதாயின் கொடுமணலையே பாருங்கள்: பதிற்றுப்பத்து ‘கொடுமணம்’ என்று பாடும் அவ்வூரில், நம் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் 1985 முதல் நடத்திய அகழாய்வுகளில் மணிக்கற்களைப் பட்டைதீட்டிய தடயங்களும் இரும்பு உருக்கிய உலைகளும் வெளிப்பட்டன.