வெள்ளை போர்டுக்கு நிற்கும் அரை மணி நேரம்

கணக்குப்புலி:
2021 மே மாதத்திலிருந்து தமிழ்நாட்டில் வெள்ளை போர்டு போட்ட சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. சந்தோஷம். ஆனால் அதற்காகக் காசு வாங்கும் இரண்டு டீலக்ஸ் பஸ்ஸை விட்டுவிட்டு அரை மணி நேரம் நிற்கிறார்களே, அந்த நேரமும் இலவசமா? ஒரு பொருளின் முழு விலை என்பது கொடுக்கும் காசும் போகும் நேரமும் சேர்ந்தது என்று பொருளாதார அறிஞர் கேரி பெக்கர் 1965-லேயே எழுதிவிட்டார். மணிக்கு 60 ரூபாய் சம்பாதிப்பவருக்கு அரை மணி என்பது 30 ரூபாய். ஷேர் ஆட்டோ 20. நிற்பதுதான் நஷ்டம்.

தையல்மிஷின்:
அந்த 30 ரூபாயை யார் சார் தருவார்கள்? எனக்கு மாதச் சம்பளம். அரை மணி முன்னால் போனால் கம்பெனி கேட் கூடத் திறந்திருக்காது. 20 ரூபாய் மட்டும் நிஜமாகவே பர்ஸிலிருந்து போகும்.

கணக்குப்புலி:
விற்க முடியாத நேரத்துக்கு மதிப்பே கிடையாதா? வீட்டில் வேலை இல்லையா?

தையல்மிஷின்:
இல்லாமலா? 2024 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டு வேலை செய்கிற பெண்களுக்கு அதில் நாளுக்கு 289 நிமிடம் போகிறது. ஆண்களுக்கு 88. காலையில் அரை மணி போனால் என் தூக்கத்தில்தான் கை வைக்க வேண்டும். அதனால் காலையில் ஷேர் ஆட்டோ. சாயங்காலம் நிற்பேன். வீட்டுக்குப் போனால் அடுப்பு, ஸ்டாப்பில் நின்றால் கூட வேலை செய்யும் அக்காக்களோடு பேச்சு. அந்த அரை மணி எனக்கு வரவு சார்.

ஃபுட்போர்டு:
காலைக்கு ஒரு விலை, மாலைக்கு ஒரு விலை. இதுவும் பெக்கர் கணக்குதானே அக்கா?

தையல்மிஷின்:
இருக்கட்டும் தம்பி. அந்த 60 ரூபாய்தான் தப்பு.

கணக்குப்புலி:
ஏதாவது ஒரு எண் போட்டே ஆக வேண்டும். நிற்கிற நேரத்துக்கு விலை பூஜ்யம் என்று எழுதிவிட்டால், கூடுதல் பஸ் விடச் சொல்லி எந்த முகத்தோடு கேட்பீர்கள்?

தையல்மிஷின்:
அதில் நான் உங்கள் கட்சி. ஆனால் பெக்கர் குடும்பம் மொத்தத்துக்கும் ஒரே பர்ஸ் என்று வைத்துக்கொள்கிறார். இந்தத் திட்டத்தால் மாதம் சராசரி 888 ரூபாய் மிச்சம் என்றது மாநிலத் திட்டக் குழு. எந்தப் பர்ஸில்? என் மாமியார் முன்பெல்லாம் கோயிலுக்குப் போக மகனிடம் பஸ் காசு கேட்டு நிற்பார். இப்போது சொல்லிவிட்டுப் போகிறார், அவ்வளவுதான். அதை எந்தக் கட்டத்தில் போடுவீர்கள்?

கணக்குப்புலி:
குடும்பத்துக்குள் ஆளுக்கொரு விருப்பம், ஆளுக்கொரு பேரம் பேசும் பலம் என்று 1988-இல் சியாப்போரி என்ற பொருளாதார அறிஞர் மாடலே போட்டார். மாமியார் விஷயத்தில் ஒப்புக்கொள்கிறேன். ஷேர் ஆட்டோ கணக்கை மட்டும் விடமாட்டேன்.

தையல்மிஷின்:
விடாதீர்கள். காலையில் நானும் அதில்தான் வருகிறேன்.