கால்முனைத் தழும்பில் போட்ட கொழுப்பு நிற்கவில்லை: எங்கே பிழை?

கேள்வி (முல்லைத்தீவுப் பக்கம்)
2009இல் ஷெல் காயத்தால் முழங்காலுக்குக் கீழ் கால் இழந்தவர். தழும்பு எலும்பு முனையோடு ஒட்டிக்கிடக்கிறது. செயற்கைக் கால் உரசி அடிக்கடி புண். தழும்புக்குக் கீழே மெத்தைபோல் இருக்கட்டுமென்று, அவருடைய வயிற்றுக் கொழுப்பை எடுத்து ஆய்வுகூட சென்ரிபியூஜில் (சுழற்றிப் பிரிக்கும் மெஷின்) நிமிடத்துக்கு 3000 சுற்றில் 3 நிமிடம் சுழற்றி 30 மி.லீ. போட்டோம். மூன்று மாதத்தில் பாதிகூட இல்லை. புளியங்கொட்டை அளவில் ஒரு கட்டியும் இருக்கிறது. எதை மாற்றலாம்?

பதில் 1
இறுகிய தழும்புக்கு 30 மி.லீ. மிக அதிகம், டொக்டர். புது இரத்தக்குழாய் வரும்வரை கொழுப்பு சுற்றுத் திசுவிலிருந்து ஊறுவதில்தான் உயிர்வாழும். துளியின் வெளிவிளிம்பில் 0.1 முதல் 0.3 மி.மீ. வரையே கலங்கள் அப்படியே பிழைக்கும். பெரிய துளியின் நடு செத்து எண்ணெயாகும். உங்கள் கட்டி அதுவாக இருக்கலாம், ஸ்கான் பண்ணிப் பாருங்கள். 1 மி.லீ. சிரிஞ்ச், 17 கேஜ் (தடிப்பின் அளவு) மொட்டைக் கனுலா, அதாவது முனை மழுங்கிய மெல்லிய குழாய்; அதை வெளியே இழுக்கும்போது மட்டும் கொழுப்பை விடுங்கள், ஒரு இழுப்புக்கு 0.1 மி.லீ.க்கு மேல் வேண்டாம். கனுலா அடைத்தால் அழுத்தாதீர்கள்: அடைப்பு விடும் நொடியில் அரை மி.லீ. ஒரே இடத்தில் கொட்டிவிடும். ஒட்டிய தழும்பை 18 கேஜ் ஊசியால் பல திசையில் குத்தித் தளர்த்துங்கள், அகட்டிக் குழியாக்க வேண்டாம். குழியில் கொழுப்பு தேங்கும். தோல் வெளிறத் தொடங்கினால் அங்கேயே நிறுத்துங்கள்.

பதில் 2
சென்ரிபியூஜையும் பாருங்கள். 3000 சுற்று எல்லா மெஷினிலும் ஒரே விசையல்ல. ஆரை 10 செ.மீ. என்றால் சுமார் 1000 ஜி (புவியீர்ப்பைப்போல் 1000 மடங்கு), 15 என்றால் சுமார் 1500 ஜி. 1200 ஜி போதும்; 15 செ.மீ. ஆரைக்கு அது ஏறக்குறைய 2700 சுற்று. கூடினால் கலம் உடையும். எடுக்கும்போது 10 மி.லீ. சிரிஞ்சின் தண்டை 1–2 மி.லீ.க்கு மேல் இழுக்காதீர்கள். மேலே மிதக்கும் எண்ணெயைத் துணியால் உறிஞ்சி, அடியில் நிற்கும் இரத்தநீரை வடித்துவிட்டு அளந்தீர்களா? இல்லையென்றால் 30இல் ஒரு பங்கு தண்ணீர், அது எப்படியும் போகும்.

பதில் 3
மேலே சொன்னதெல்லாம் சரியாகச் செய்தாலும், பத்தாம் நாள் செயற்கைக் காலை மாட்டினால் எல்லாம் வீண். குறைந்தது 4 கிழமை அழுத்தமே படக்கூடாது. இறுக்கிக் கட்டும் பன்டேஜும் ஆகாது. கமக்காரர் என்றால் காலபோக அறுவடை முடிந்தபின் திகதி கொடுங்கள், விதைப்பு நேரத்தில் அவரால் செயற்கைக் காலைக் கழற்றி வைத்திருக்க முடியாது. பீடி, சிகரெட் முன்னும் பின்னும் 4 கிழமை இல்லை. வீக்கம் வடிந்ததும் சொக்கெட்டை (செயற்கைக் காலில் கால்முனை நுழையும் கிண்ணம்) புதிதாக அளந்து செய்விக்க வேண்டும், பழையது அதே இடத்தைத்தான் மறுபடி நசுக்கும். எலும்பில் கிருமி இல்லையென்று உறுதிசெய்துகொண்டு, அடுத்த தடவை 10 மி.லீ. அளவில் போடுங்கள், தேவையென்றால் மூன்று மாதம் கழித்து இன்னொரு தடவை.