சர்வீஸாக ஓடும்போது கான்ஃபிக் ஃபைலை எங்கே வைப்பது?

வணக்கம் நண்பர்களே. கிருஷ்ணகிரி பக்கம் மாங்காய் மண்டிகளுக்கு எடைமேடை பில் போடும் பைத்தான் புரோகிராம் இது. சில மண்டிகளில் விண்டோஸ், சில இடங்களில் உபுண்டு.

ஃபைல் பாதைகளைக் கையாளும் பைத்தான் லைப்ரரி பாத்லிப் வந்ததும் பேக்ஸ்லாஷ் தொல்லை போச்சு. செட்டிங்ஸ் இருக்கும் கான்ஃபிக் ஃபைலுக்கு, அந்தந்த யூசரின் விண்டோஸ் ஆப்டேட்டா ஃபோல்டர், உபுண்டுவில் ஹோமுக்குள் டாட்-கான்ஃபிக் என்று பிளாட்ஃபார்ம்டிர்ஸ் லைப்ரரி சரியாகவே எடுத்துத் தருகிறது.

சிக்கல் சர்வீஸாக, அதாவது யாரும் லாகின் செய்யாமலே பின்னணியில் ஓட்டும்போதுதான். விண்டோஸில் லோக்கல் சிஸ்டம் என்ற விண்டோஸின் சொந்த அக்கவுண்டில் ஓடுவதால், ஆப்டேட்டா என்பது சிஸ்டம்32-க்குள் இருக்கும் சிஸ்டம்புரொஃபைல் ஃபோல்டராகிவிடுகிறது. உபுண்டுவில் சர்வீஸ்களை இயக்கும் சிஸ்டம்டி, யூசர் குறிப்பிடாவிட்டால் ரூட்டாக (முழு அதிகாரமுள்ள யூசராக) ஓட்டுகிறது. அப்போது ரூட்டின் ஹோமில்தான் தேடும். ஆபரேட்டர் தன் லாகினில் மாற்றிய பாட் ரேட் (எடைமேடையிலிருந்து டேட்டா வரும் வேகம்) சர்வீஸுக்குத் தெரிவதே இல்லை. எடைமேடையின் இண்டிகேட்டர் 2400-ல் அனுப்ப, சர்வீஸ் டீஃபால்ட் 9600-ல் படிக்க, எடைக்குப் பதில் குப்பை எழுத்துகள் வருகின்றன. ஃபைல் கிடைக்காவிட்டால் டீஃபால்ட்டுக்குப் போகாமல் எரர் காட்டி நிற்பதே நல்லது, அதை மாற்றியாச்சு.

இனி விண்டோஸில் புரோகிராம்டேட்டா, உபுண்டுவில் ஈடிசி (/etc) என்று எல்லா யூசருக்கும் பொதுவான ஃபோல்டருக்குக் கொண்டுபோகலாம் என்று எண்ணம். ஆனால் புரோகிராம்டேட்டாவில் அட்மின் உருவாக்கிய ஃபைலைச் சாதாரண யூசர் படிக்கலாம், திருத்த முடியாது. இன்ஸ்டால் செய்யும்போதே, அனுமதிகளை மாற்றும் ஐகேக்ல்ஸ் (icacls) கமாண்டால் அந்த ஒரு ஃபோல்டருக்கு மட்டும் அனுமதி கொடுப்பதா? இல்லை, சர்வீஸுக்குத் தனி யூசர் வைத்து, ஃபைல் இருக்கும் பாதையை என்விரான்மென்ட் வேரியபிளில் (புரோகிராமுக்கு ஓஎஸ் வழியாகத் தரும் மதிப்பில்) கொடுப்பதா? இரண்டு ஓஎஸ்ஸிலும் செய்து பார்த்தவர்கள் வழி சொல்லுங்கள்.