கலைச்சொல் வேண்டும்: விளையாட்டு ‘ஃபிராஞ்சைஸ்’ (பாட்ஸ்வில் மரூன்ஸ் கட்டுரைக்கு)

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

பாட்ஸ்வில் மரூன்ஸ் பற்றி ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். அமெரிக்காவின் தேசியக் கால்பந்து லீக்கில், அதாவது என்எஃப்எல்லில் (பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்கக் கால்பந்து), 1925 முதல் 1928 வரை ஆடிய அணி. ஊர் பென்சில்வேனியாவின் நிலக்கரி வட்டாரத்தில் இருக்கும் ஒரு சிறு நகரம். அணி இப்போது இல்லை.

சிக்கல் ‘ஃபிராஞ்சைஸ்’ என்ற சொல்லில். எல்லா இடத்திலும் ‘அணி’ என்று போட்டால் இப்படி வருகிறது: “1925 டிசம்பரில் அணி நீக்கப்பட்டது. 1926இல் அணி மீண்டும் சேர்ந்தது. 1929இல் அணி பாஸ்டனுக்குப் போனது. அந்தப் பருவத்தோடு அணி முடிந்தது.” போனது எது, முடிந்தது எது என்று படிப்பவருக்கு ஒன்றும் பிடிபடாது. கடை வைப்பவர்களின் ‘கிளையுரிமை’, தேர்தல்காரர்களின் ‘வாக்குரிமை’ இரண்டும் இங்கே உதவாது. என்ன போடலாம்?

– தே.

———

தே.,

‘அணியுரிமை’ போதாதா? ஐபிஎல் செய்திகளில் ‘அணி உரிமையாளர்’ என்று வருடக்கணக்காகப் படிக்கிறோம். சென்னை அணி 2016, 2017 இரண்டு பருவமும் தடையில் இருந்தபோதுகூட யாரும் குழம்பியதாகத் தெரியவில்லை. அதுவும் பிடிக்கவில்லை என்றால் ‘ஃபிராஞ்சைஸ்’ என்றே எழுதிவிடுங்கள். லீக், கோல், டிக்கெட் எல்லாம் தமிழில் வந்து உட்காரவில்லையா? இது ஒன்றுக்கு மட்டும் ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும்?

– வே.

———

அன்புள்ள தே., வே. தம்பி,

பேச்சில் ‘ஃபிராஞ்சைஸ்’ என்று சொல்வதை யாரும் தடுக்கப்போவதில்லை. ஆனால் இந்தக் கட்டுரையில் அதைப் போட்டால், அணிக்கே அது இன்னொரு பகட்டுப் பெயர் என்று வாசகர் எடுத்துக்கொள்வார். இன்றைய கோடீஸ்வர லீக்குகளைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். 1920களில் அப்படி இல்லை. பாட்ஸ்வில் கதையே அந்த இரண்டும் வேறு வேறு என்பதில்தான் நிற்கிறது.

லீக் தொடங்கியது 1920இல், ஒஹையோ மாநிலத்துக் கேன்டன் நகரில், ஒரு கார் விற்பனைக்கூடத்தில். உறுப்பினர் கட்டணம் 100 டாலர் என்று வைத்தார்கள். இரண்டு வருடம் கழித்து வால்டர் லிங்கோ என்ற நாய் வியாபாரி அதே 100 டாலருக்கு ஊராங் இண்டியன்ஸ் அணிக்கு இடம் வாங்கினார். அவர் வளர்த்து விற்ற ஏர்டேல் நாய் ஒன்றின் விலை 150 டாலர்! பூர்வகுடியினரை மட்டுமே வைத்து, ஜிம் தார்ப் தலைமையில், நாய்களுக்கு விளம்பரமாக நடத்தப்பட்ட அணி அது. இரண்டு பருவம்தான் ஓடியது.

சரி, அந்த 100 டாலருக்கு என்ன கிடைத்தது? ஆட்களா? இல்லை. ஆட்களைச் சேர்ப்பது, சம்பளம் கொடுப்பது, சட்டை வாங்குவது, மைதானம் பிடிப்பது எல்லாம் நம் பாடு. லீக் கொடுத்தது இவ்வளவுதான்: மற்ற உறுப்பு அணிகளோடு ஆடலாம், ஆடியது பட்டியலில் ஏறும், உங்கள் ஊரிலும் சுற்றுவட்டாரத்திலும் இன்னோர் அணி கடை போட முடியாது.

பாட்ஸ்வில்லில் முதலில் வந்தது அணி. 1924இல் அது அந்திரசைட் லீக் என்ற வட்டார லீக்கில் ஆடியது. நடத்தியவர் ஸ்ட்ரீகல் என்ற அறுவை மருத்துவர். ஊரின் மக்கள்தொகை சுமார் 22,000. பந்தை ஏந்தி ஓடும் ஆட்டக்காரர் டோனி லட்டோன் சிறுவயதிலேயே நிலக்கரிச் சுரங்கத்துக்கு வேலைக்குப் போனவர். அவர் பந்தோடு வந்து மோதினால் எதிரே நிற்பவர் எழுந்திருக்க நேரமாகும் என்பார்கள். மரூன்ஸ் என்ற பெயருக்கும் ஒரு கதை உண்டு. சட்டைக்கு ஆர்டர் கொடுத்தபோது நிறம் எதுவானாலும் பரவாயில்லை என்று சொல்லியிருக்கிறார்கள், வந்து இறங்கியது அரக்குச் சிவப்பு. உண்மையோ இல்லையோ, ஊர் அதைத்தான் சொல்கிறது.

1925இல்தான் என்எஃப்எல்லின் சீட்டு, அதாவது லீக்கில் ஆடுவதற்கான அனுமதி, வந்தது. இவ்வளவு சின்ன ஊரை லீக் சேர்த்துக்கொண்டதற்குக் காரணம் ஞாயிற்றுக்கிழமை. பென்சில்வேனியாவில் ஞாயிறு அன்று கட்டண விளையாட்டுக்குத் தடை. பிலடெல்பியாவின் ஃபிராங்க்ஃபோர்ட் யெல்லோ ஜாக்கெட்ஸ் அதனால் சனிக்கிழமை ஆடும். சுரங்க ஊரில் அந்தச் சட்டத்தை யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. ஆகவே வெளியூர் அணி சனிக்கிழமை பிலடெல்பியாவில் ஆடிவிட்டு, ரயிலேறி ஞாயிறு பாட்ஸ்வில்லில் ஆடலாம். ஒரே பயணத்தில் இரண்டு வசூல். முதல் நாள் ஃபிராங்க்ஃபோர்ட்டிடம் அடி வாங்கி வீங்கிய கையோடு வருபவர்களைச் சந்திப்பது மரூன்ஸுக்கும் வசதியாகத்தான் இருந்திருக்கும்.

அதே ஃபிராங்க்ஃபோர்ட்டை நவம்பர் 29 அன்று 49–0 என்று சாத்தினார்கள். டிசம்பர் 6 அன்று சிகாகோ போய் கார்டினல்ஸை 21–7 என்று வென்றார்கள். பட்டம் கையில் வந்துவிட்டது என்றுதான் ஊர் நினைத்தது.

டிசம்பர் 12, பிலடெல்பியா, ஷைப் பார்க். நோட்டர் டேம் பல்கலைக்கழகத்தின் முன்னாள் நட்சத்திரங்களோடு ஒரு தனி ஆட்டம். லீக் கணக்கில் வராதது, ஆனால் நல்ல வசூல் வரும். கல்லூரி ஆட்டம்தான் உயர்ந்தது, காசுக்கு ஆடுபவர்கள் இரண்டாந்தரம் என்று நாடே நினைத்த காலம். கடைசி நிமிடங்களில் சார்லி பெர்ரி உதைத்த பந்து கம்பங்களுக்கு நடுவே போக, 9–7 என்று மரூன்ஸ் வென்றது. அது தொழில்முறை ஆட்டத்துக்கே மதிப்புச் சேர்த்த வெற்றி.

லீக் தலைவர் ஜோ கார் இதற்குக் கொடுத்த பரிசு 500 டாலர் அபராதமும் இடைநீக்கமும். ‘எங்கள் ஊரில் வந்து எப்படி ஆடலாம்’ என்று ஃபிராங்க்ஃபோர்ட் முன்பே புகார் கொடுத்திருந்தது. ஆடாதே என்று கார் எச்சரித்தும் இருந்தார். லீக் அலுவலகத்தில் தொலைபேசி வழியாக அனுமதி வாங்கினோம் என்பது பாட்ஸ்வில் தரப்பின் வாதம்.

இப்போது சொல்லுக்கு வருகிறேன். இடைநீக்கத்துக்கு மறுநாள் பாட்ஸ்வில்லில் என்ன குறைந்தது? பெர்ரி இருக்கிறார், லட்டோன் இருக்கிறார், பயிற்சியாளர் டிக் ரவ்ச் இருக்கிறார், அரக்குச் சிவப்புச் சட்டைகளும் இருக்கின்றன. அணி முழுசாக இருக்கிறது. லீக் கொடுத்த சீட்டு மட்டும் இல்லை. அதனால் பிராவிடன்ஸோடு ஒத்துக்கொண்டிருந்த ஆட்டத்தை ஆட முடியவில்லை. 1929இல் இதற்கு நேர்மாறாக நடந்தது. சீட்டு பாஸ்டனுக்குப் போனது, அங்கே புல்டாக்ஸ் என்று ஒரு பருவம் ஆடியது. மரூன்ஸ் என்ற பெயரும் ஊரும் விட்டுப்போயின.

ஆகவே நமக்கு வேண்டியது அந்தச் சீட்டுக்கான சொல். என் பரிந்துரை ‘அணியுரிமம்’. உரிமை நம்மிடம் இருப்பது. உரிமம் ஒருவர் கொடுத்து நாம் வாங்குவது. ஓட்டுநர் உரிமம் போல அதற்கு நிபந்தனை உண்டு, நிறுத்தி வைக்கலாம், ரத்து செய்யலாம், திரும்பக் கொடுக்கலாம். ஜோ கார் பறித்தது உரிமத்தை.

‘அணியுரிமை’ வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. கார்டினல்ஸ் தோற்ற கையோடு அவசர அவசரமாக இரண்டு ஆட்டங்களை ஏற்பாடு செய்து, வென்று, வெற்றிச் சதவீதத்தில் முன்னே போய்விட்டது. மரூன்ஸ் 10–2, கார்டினல்ஸ் 11–2–1 (வெற்றி–தோல்வி–சமன்). அந்த இரண்டில் ஒன்றில் மில்வாக்கி அணிக்கு ஆள் பற்றாமல் நான்கு பள்ளி மாணவர்களை இறக்கினார்கள். அசிங்கம்! அபராதம் விழுந்தது, மில்வாக்கி உரிமையாளரை அணியை விற்கச் சொன்னார்கள், ஆனால் அந்த வெற்றி இன்றும் பட்டியலில் இருக்கிறது. கார்டினல்ஸ் உரிமையாளர் கிறிஸ் ஓ’பிரையன் பட்டத்தை ஏற்க மறுத்துவிட்டார். பின்னால் அணியை வாங்கிய பிட்வில் குடும்பம் அதை உரிமை கொண்டாடியது. பாட்ஸ்வில் விடவில்லை. 1963இல் லீக் உரிமையாளர்கள் 12–2 என்று கோரிக்கையைத் தள்ளினார்கள், 2003இல் 30–2. 2003இல் ஆதரித்த இரண்டும் பென்சில்வேனியா அணிகள், ஈகிள்ஸும் ஸ்டீலர்ஸும். பட்டத்துக்கான இந்த உரிமைப் போராட்டமும் அதே கட்டுரையில் வரும். ‘உரிமை’யை அதற்கு விட்டுவைப்போம்.

– நா.க.

———

ஐயா, உரிமம் சரி. ஐபிஎல்லுக்கும் அதுவே பொருந்துகிறது என்று இப்போதுதான் உறைக்கிறது. இரண்டு வருடம் சென்னையின் உரிமம் நின்றது, ஆட்டக்காரர்கள் வேறு அணிகளுக்குப் போய் ஆடினார்கள்.

ஆனால் தே. இன்னொன்றுக்கும் சொல் தேட வேண்டும். ஃபிராங்க்ஃபோர்ட் கேட்டதே, ‘எங்கள் ஊரில் வந்து ஆடாதே’ என்று, அந்த உரிமைக்கு என்ன? ‘கள உரிமை’ எனலாமா? கொஞ்சம் மிடுக்காக வேண்டுமென்றால் ‘காணியுரிமை’.

– வே.

———

வே. தம்பி, கள உரிமையைச் சேர்த்து எழுதிப் பாருங்கோ: களவுரிமை. சிகாகோக்காரர் வேண்டுமானால் அதை வைத்துக்கொள்ளட்டும்.

பகிடி இருக்கட்டும், ‘களம்’ பொருளாலும் பிழை. ஷைப் பார்க் ஃபிராங்க்ஃபோர்ட்டின் மைதானமே இல்லை, அது பிலடெல்பியா அத்லெடிக்ஸ் பேஸ்பால் அணியுடையது. ஃபிராங்க்ஃபோர்ட்டுக்குத் தன்னுடைய மைதானம் நகரின் இன்னொரு பக்கம் இருந்தது, அதே சனிக்கிழமை அங்கே அவர்களுக்கும் ஆட்டம். அவர்கள் கேட்டது நகரம் முழுவதையும்.

‘காணி’யும் வேண்டாம். யாழ்ப்பாணத்தில் காணி என்றால் வெறும் நிலம். காணி உறுதி, காணித் தகராறு என்று தினமும் புழங்குகிற சொல். ‘ஃபிராங்க்ஃபோர்ட்டின் காணியுரிமை’ என்று வாசித்தால், வேலி எங்கே போட்டார்கள் என்றுதான் எங்கட ஆட்கள் கேட்பார்கள். ‘எல்லையுரிமை’ என்றால் இரண்டு கரைக்கும் விளங்கும். போலீஸ் எல்லை மாதிரித்தான் இது, இந்தத் தெரு வரைக்கும் என்னுடைய பொறுப்பு, நீ வராதே.

– ம.

———

ம. அக்கா, நன்றி. ‘சரகம்’ என்று கேட்கலாம் என்றிருந்தேன், வனச்சரகம் போல. அது உங்கள் பக்கம் புழக்கத்தில் இருக்காதே என்று விட்டுவிட்டேன். எல்லையுரிமை போதும்.

வாக்கியங்களில் வைத்துப் பார்த்தேன்:

“ஃபிராங்க்ஃபோர்ட்டின் எல்லையுரிமையை மீறியதற்காக 1925 டிசம்பரில் பாட்ஸ்வில்லின் அணியுரிமம் நிறுத்தப்பட்டது. 1926இல் லீக் பாட்ஸ்வில்லை மீண்டும் சேர்த்துக்கொண்டது. 1928 பருவத்துக்குப் பின் அணியுரிமம் பாஸ்டனுக்கு மாறியது. அங்கே புல்டாக்ஸ் என்ற பெயரில் 1929இல் ஆடி, அதோடு முடிந்தது.”

படிக்க இடறவில்லை. ஆனால் இரண்டு கேள்வி. ஒன்று, 1926இல் ஏன் சேர்த்துக்கொண்டார்கள் என்று வாசகர் கேட்பார். ரெட் கிரேஞ்ச் என்ற நட்சத்திர ஆட்டக்காரரை முன்னிறுத்தி அந்த வருடம் போட்டி லீக் ஒன்று கிளம்பியது, மரூன்ஸ் அங்கே போய்விடுமோ என்ற பயம்தான் காரணம் என்று ஒரு வரி சேர்க்கிறேன். இரண்டு, நோட்டர் டேம் ஆட்டத்தை என்னவென்று எழுத? ‘நட்பு ஆட்டம்’ என்றுதான் வழக்கமாகப் போடுவார்கள்.

– தே.

———

தே.,

நட்பா? அதனால்தானே இவ்வளவு பகையும் வந்தது. ‘கண்காட்சி ஆட்டம்’ என்றால் பொருட்காட்சித் திடல் நினைவுக்கு வரும். ‘லீக் சாரா ஆட்டம்’ என்று போடுங்கள். அழகில்லைதான். ஆனால் வசூலுக்காக ஆடியது, பட்டியலில் ஏறாதது என்ற இரண்டுக்கும் அது இடம் கொடுக்கிறது.

இன்னொன்று. உரிமம் ஊர் மாறினால் வரலாறும் கூடவே போகும் என்று எழுதிவிடாதீர்கள், எல்லா இடத்திலும் அப்படி இல்லை. சில இடத்தில் போகும்: டிகேட்டர் ஸ்டேலிஸ் சிகாகோவுக்குப் போய் பேர்ஸ் ஆனது. போர்ட்ஸ்மத் ஸ்பார்ட்டன்ஸ் 1934இல் டெட்ராயிட் லயன்ஸ் ஆனது. அந்த இரண்டு அணிகளும் பழைய ஊரைத் தங்கள் வரலாற்றில் சேர்த்தே சொல்கின்றன. ஆனால் பாட்ஸ்வில்லுக்கு அப்படிச் சொல்ல வாரிசு யாரும் இல்லை, பாஸ்டனோடு உரிமமே அற்றுப்போனது. அதனால்தான் 1925 பட்டத்துக்காக வாதாட ஓர் அணி உரிமையாளர்கூட இல்லாமல், பழைய ஆட்டக்காரர்களும் ஊர்க்காரர்களும் அலைய வேண்டியிருந்தது. நிலக்கரியில் தாங்களே ஒரு கோப்பை செதுக்கி, கேன்டனில் உள்ள கால்பந்துப் புகழரங்கத்துக்குக் கொடுத்தார்கள். அந்தப் பத்தியில் ‘அற்றுப்போன அணி’ என்பதற்குப் பதில் ‘அற்றுப்போன அணியுரிமம்’ என்று மாற்றிவிடுங்கள். மற்றபடி வரைவை ஏற்றலாம்.

‘எல்லையுரிமை’யைக் குழுமத்தின் சொற்பட்டியலில் நானே சேர்த்துவிடுகிறேன். ‘சரக’த்தையும் அடைப்பில் போடவா வேண்டாமா என்று ம. சொல்லட்டும்.

– நா.க.