நல்ல சவரத்துக்கு எது முக்கியம்? என் கதை இது, உங்கள் கதையைச் சொல்லுங்கள்

ஆழ்துளை எழுதியது:

ஐந்து பிளேடு அடுக்கிய கார்ட்ரிட்ஜை விட்டுவிட்டுப் பழைய இரட்டை முனை ரேசருக்கு மாறி எட்டு மாதம் ஆகிறது. சிக்கனம்தான் காரணம். ஒரு கார்ட்ரிட்ஜ் வாங்கும் காசில் கட்டுக் கட்டாகப் பிளேடு வாங்கிவிடலாம் என்று கணக்குப் போட்டேன். கணக்கு சரிதான், கழுத்துதான் ஒத்துழைக்கவில்லை. முதல் சில மாதங்கள் தொண்டைக்குழியைச் சுற்றிச் சிவப்புப் புள்ளிகள், மிளகாய் அரைத்துப் பூசியது போல எரிச்சல். அலுவலகத்தில் ஒருவர், "வீட்டில் பூனை வளர்க்கிறீர்களா?" என்று கேட்டேவிட்டார்.

பிளேடின் மேல் பழியைப் போட்டு ஏழு வகை வாங்கினேன். பிறகு ரேசரை மாற்றினேன். பிறகு கிரீம். பிரஷ்ஷைக் கிண்ணத்தில் எவ்வளவு சுழற்றினாலும் நுரை கொஞ்சம் எழும்பும். கன்னத்தில் பூசிய ஒரே நிமிடத்தில் பால் திரிந்தது போல் திரிந்து, திட்டுத் திட்டாகக் காய்ந்து நிற்கும். அதன் மேல்தான் பிளேடை இழுத்துக்கொண்டிருந்தேன்.

போன மாதம் அக்கா மகனுக்குக் காதுகுத்து. கோயம்புத்தூர் போயிருந்தேன். அவர்கள் வீட்டுக் குழாயில் சிறுவாணித் தண்ணீர். அதே பிரஷ், அதே கிரீம், மூன்று முறை தேய்ந்த அதே பிளேடு. நுரை கிண்ணத்தை விட்டு மேலே வந்துவிட்டது. ரேசர் போன இடம் வெண்ணெயில் கத்தி போன மாதிரி இருந்தது. நான் நம்பாமல் கன்னத்தைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டு நிற்க, மாமா கதவைத் தட்டினார்: "மாப்பிள்ளை, தாய்மாமன் மடி இல்லாமல் காது குத்த முடியாது. ஆசாரி காத்திருக்கிறார்."

ஊர் திரும்பியதும் குளியலறையில் கிடக்கும் வாட்டர் ஹீட்டர் கம்பியைப் பார்த்தேன். சுற்றிலும் வெள்ளையாகப் பாறை கட்டியிருந்தது. எங்கள் குடியிருப்பில் வருவது ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர். அதில் இருக்கும் கால்சியமும் மெக்னீசியமும் சோப்பைப் பிடித்துக் கரையாத அழுக்காக்கிவிடுகின்றன. நுரையாவதற்குச் சோப்பு மிஞ்சுவதில்லை. இப்போது குடிக்க வாங்கும் கேன் தண்ணீரில் ஒரு டம்ளர் சுடவைத்து எடுத்துக்கொள்கிறேன். வீட்டில் முணுமுணுப்பு இருக்கிறது. கழுத்தில் புள்ளி இல்லை.

*

அடைப்பம் எழுதியது:

தண்ணீர் என்றீர்கள், ஒப்புக்கொள்கிறேன். அது ஊற வேண்டிய நேரத்தை விட்டுவிட்டீர்கள்.

என் அப்பா கும்பகோணத்துக்குப் பக்கத்தில் முப்பத்தெட்டு ஆண்டு சலூன் நடத்தியவர். நாற்காலியில் ஆள் உட்கார்ந்ததும் வெந்நீரால் தாடையை நனைத்து, பிரஷ்ஷால் ஒரு சுற்று நுரை போடுவார். உடனே கத்தியைத் தொட மாட்டார். நாற்காலியின் கைப்பிடியில் தொங்கும் தோல்வாரை இழுத்துப் பிடித்து, கத்தியை மேலும் கீழுமாகப் புரட்டித் தீட்டியபடியே காவிரியில் தண்ணீர் திறந்த கதை, பஞ்சாயத்துத் தேர்தல் கதை என்று ஆரம்பிப்பார். பிறகு இரண்டாவது சுற்று நுரை. அவருக்கு வாய் அதிகம் என்று ஊரில் பெயர். எனக்குப் பதினாறு வயதானபோதுதான் சொன்னார்: "ஒரு கதை முடியும்போது முடி ஊறியிருக்கும். கதை சின்னதாக இருந்தால் இன்னொன்று சொல்வேன்." இரண்டு மூன்று நிமிடம் ஈரத்தில் ஊறினால் முடி தண்ணீரை உறிஞ்சிப் பருத்து இளகிவிடும். காய்ந்த முடியை வெட்டும் பலத்தில் பாதிகூட வேண்டாம் என்பது அவர் கணக்கு.

என்னைப் பழக்கியது பப்பாளிக்காயில். பச்சைக் காயின் மேல் நுரையைப் பூசிக் கையில் கொடுப்பார். நுரை முழுவதும் வர வேண்டும், தோலில் கீறல் விழக் கூடாது. துடைத்துவிட்டுப் பார்த்தால் கீறிய இடமெல்லாம் பால் துளிர்த்து நிற்கும். முதல் காயில் நான் எண்ணியது பதினொரு துளி. காயை அம்மா கூட்டு வைத்துவிட்டார்.

அதில் படிந்தது ஒரு விஷயம்: வேலை செய்வது கத்தி பிடித்த கை இல்லை, சும்மா இருப்பது போல் தெரிகிற இடது கை. தோலை அது இழுத்துப் பிடித்தால்தான் கத்தி வழுக்கிப் போகும். தளர்ந்த தோலில் எந்தக் கத்தியும் இடறும். அப்புறம், முடி எந்தப் பக்கம் படுத்திருக்கிறது என்று விரலால் தடவிப் பார்க்க வேண்டும். கன்னத்தில் பெரும்பாலும் கீழ்நோக்கி இருக்கும். கழுத்தில் ஆளுக்கு ஒரு திசை. ஒரே கழுத்தில் வலப்பக்கம் கீழேயும் இடப்பக்கம் குறுக்கேயும் படுத்திருப்பதை நிறையப் பார்த்திருக்கிறேன். புள்ளி புள்ளியாக வருகிறவர்களில் பாதிப் பேர் அந்த இடத்தில் தெரியாமல் எதிர்ச் சவரம், அதாவது முடி படுத்திருக்கும் திசைக்கு எதிராகச் சவரம், செய்கிறவர்கள்.

எதிர்ச் சவரம் கேட்டு அடம்பிடிக்கும் வாடிக்கையாளர்கள் உண்டு. சுருட்டை முடிக்காரர் கேட்டால் அப்பா மறுத்துவிடுவார். முடி தோலுக்குக் கீழே வெட்டுப்பட்டு, வளரும்போது வளைந்து உள்ளேயே குத்திப் பருவாகிவிடும். பணம் குறைந்தாலும் பரவாயில்லை, அடுத்த வாரம் சீழ் பிடித்த முகத்தோடு வந்து நிற்கக் கூடாது என்பார்.

கடைசியில் ஈரமான முகத்தில் படிகாரக் கட்டியைத் தேய்ப்போம். எங்கே சுருக்கென்று பிடிக்கிறதோ அங்கே கை அழுத்தியிருக்கிறது. வீட்டில் செய்துகொள்கிறவர்களுக்கு இதைவிட நல்ல வாத்தியார் கிடைக்க மாட்டார்.

எய்ட்ஸ் பயம் பரவிய பிறகு எங்கள் கடையிலும் கத்தியை மூட்டை கட்டிவிட்டோம். இப்போது பிளேடை உறையோடு மடக்கிப் பாதியாக ஒடித்து, பிடியில் செருகி, ஓர் ஆளுக்கு ஒன்று. அப்பாவின் கத்தி அவருடைய அடைப்பத்தில், அதாவது சவரச் சாமான் வைக்கும் பையில், இருக்கிறது. ஆயுத பூஜைக்கு வெளியே வரும்.

*

இரட்டைமுனை எழுதியது:

எல்லோரும் சேர்ந்து பிளேடுக்கு விடுதலை வாங்கிக் கொடுத்துவிட்டீர்கள். எதிர்க் கட்சிக்காக ஒரு வார்த்தை.

கில்லெட் தன் ரேசரை விற்க ஆரம்பித்த 1903இல் போனது 51 ரேசர், 168 பிளேடு. அடுத்த ஆண்டு ரேசர் விற்பனை 90,000ஐத் தொட்டது. ரேசரின் வடிவம் மட்டும் அதைச் சாதிக்கவில்லை. அவ்வளவு மெல்லிய தகட்டைப் பதப்படுத்திக் கூராக்கும் வழியை நிக்கர்சன் என்ற பொறியாளர் கண்டுபிடித்ததால்தான் முடிந்தது. 2020இல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழக ஆய்வாளர்கள், முடியை வெட்டும் பிளேடை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார்கள். எஃகைவிட முடி ஏறத்தாழ ஐம்பது மடங்கு மென்மையானது. ஆனாலும் முடி வளைந்து சாய்வாகப் படும்போது முனையில் சில்லு பெயர்கிறது. ஒரே பிளேடில் ஒரு மாதம் ஓட்டிய கருமி நான். மூன்றாவது வாரம் மீசைக்குக் கீழே இழுத்த இழுப்பில் கண்ணில் தண்ணீர் வந்தது. இப்போது நான்காவது சவரத்தோடு கழற்றிவிடுகிறேன்.

ஆழ்துளை, நீங்கள் ரேசரை அழுத்துகிறீர்கள் என்று சந்தேகம். கார்ட்ரிட்ஜில் இருந்து வருகிற எல்லோருக்கும் அந்தப் பழக்கம் உண்டு. இரட்டை முனை ரேசருக்கு அதன் சொந்தக் கனமே போதும். தோலோடு முப்பது பாகை அளவுக்குச் சாய்த்துப் பிடித்துச் சும்மா இறக்குங்கள்.

*

மரத்தூள் எழுதியது:

நான் சவரம் செய்துகொள்கிறவள் இல்லை, செய்துவிடுகிறவள். அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது. தச்சு வேலை செய்தவர். ஒருநாள் தாடியோடுகூட இருக்க மாட்டார். வழக்கமாக வரும் சலூன்காரர் அன்று வரவில்லை. செவ்வாய்க்கிழமை, கடைக்கு விடுமுறை.

ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறார். சின்னக் காயம் பட்டாலும் நிற்க நேரமாகும். அதனால் இரட்டை முனைப் பக்கமே போகவில்லை. இரண்டு பிளேடு வைத்த சாதாரண ரேசர்தான். தலையணைகளை அடுக்கி நிமிர்த்தி உட்காரவைத்து, வெந்நீரில் பிழிந்த துண்டை முகத்தில் சுற்றி, வானொலியில் ஒரு பாட்டு முடியும்வரை விட்டேன்.

இடது கன்னத்தை அவரே நாக்கால் உள்ளிருந்து முட்டிக் கொடுத்தார். வலது கன்னத்துக்கு நாக்கு போகவில்லை. பல்லும் இல்லாத பக்கம், குழி விழுந்து தோல் தொங்குகிறது. கீழே இழுத்தேன், சுருங்கியது. கடைசியில் காதோரத்தில் விரலை வைத்துப் பின்பக்கமாக இழுத்துப் பிடித்ததும் பலகை போல் நிமிர்ந்தது. அடைப்பம் சொன்ன இடது கை என்ன என்று அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது, பெயர்தான் தெரியாமல் இருந்தது. முக்கால் மணி நேரம் ஆனது. ஒரு கீறல் இல்லை.

கண்ணாடியைக் கொடுத்தேன். இடது கையில் வாங்கி, முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டுக் குழறலாகச் சொன்னார்: "கிருதா ஒரு நூல் ஏறியிருக்கிறது." பார்த்தேன். ஏறித்தான் இருந்தது.

மறுநாள் மீசையைச் சரிசெய்யச் சொன்னார். அதில் நான் கை வைக்கவில்லை. சலூன்காரருக்குத் தொலைபேசியில் சொல்லி வரவழைத்துவிட்டோம்.