மரம் விழுங்கிய கம்பி: உங்களுக்கு நேர்ந்தது என்ன?

அல்சூர்வாசி:
எங்கள் தெருப் புங்கமரம்தான். கன்றை மாடு கடிக்காமலிருக்க இரும்புக் கூண்டு வைத்துக் கட்டுக்கம்பியால் இறுக்கினோம். முறுக்கியவன் நான். கூண்டு துருப்பிடித்து உதிர்ந்தது. கம்பியை மறந்தே போனோம். போன மாதம் பார்த்தால் கம்பியைக் காணவில்லை. அடிமரத்தைச் சுற்றி ஒரு பள்ளம், அதற்கு மேலே வளையமாக வீக்கம், கீழே மெலிவு. பள்ளத்திலிருந்து முறுக்கிய முனை மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. என் கை முறுக்கிய அதே முறுக்கு. குறடால் இழுத்தேன். பட்டை கிழிந்து ஈரம் கசிந்தது. அதோடு விட்டுவிட்டேன்.

மல்லேஸ்வரம் மாடித்தோட்டம்:
இழுத்திருக்கவே கூடாது! எங்கள் மாமரமும் கொடிக்கம்பியை விழுங்கியது, நான் தொடவில்லை. பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே மெல்லிய உயிரடுக்கு ஒன்று உண்டு, கேம்பியம் என்பார்கள். உள்பக்கம் கட்டையையும் வெளிப்பக்கம் உள்பட்டையையும் அது சேர்த்துக்கொண்டே போவதால்தான் மரம் பருக்கிறது. இலையில் உண்டாகும் உணவு உள்பட்டை வழியாகவே வேருக்கு இறங்கும். கம்பி அந்த வழியை நெரித்தது. மேலே தேங்கி வீங்கியது, கீழே வேர் பட்டினி. வெளியே தெரியும் இடங்களில் கம்பியைத் துண்டியுங்கள், புதைந்ததை அப்படியே விடுங்கள். இனிக் கன்று நட்டால் துணிப்பட்டையால் தளர்வாகக் கட்டுங்கள். வருடம் ஒருமுறை அவிழ்த்துப் பாருங்கள். மரத்தில் ஆணியும் அடிக்காதீர்கள்.

ஜெயநகர் பழையவர்:
எல்லா மரத்துக்கும் அப்படிச் சொல்லிவிட முடியாது. தென்னையில் அந்த அடுக்கே கிடையாது. ஊரில் எங்கள் அம்மா தென்னையில் கட்டிய கொடிக்கயிறு கடைசிவரை அதே அளவில்தான் இருந்தது.

என்னை உறுத்துவது வேர். தூங்குமூஞ்சி மரத்தின் வேர் ஒன்று, விரல் தடிமனில் வாசற்படிக்கு அடியில் நுழைந்தது. வருடா வருடம் பருத்துக் கல்லையே தூக்கிவிட்டது. கொத்தனாரை அழைத்து வெட்டச் சொன்னேன். வெட்டுவாய் என் தொடை அகலம் இருந்தது. அப்போதாவது நிறுத்தச் சொல்லியிருக்கலாம். சிமெண்டு பூசிவிட்டோம். அடுத்த மே மாத மழையில் மரம் சாய்ந்தது, வெட்டிய பக்கத்துக்கு நேர் எதிராக. பிடித்து நிறுத்த வெட்டிய பக்கம் வேர் இல்லை.

அல்சூர்வாசி:
தெரிந்த இடங்களில் கம்பியைத் துண்டித்தாகிவிட்டது. வீக்கத்துக்குக் கீழே இரண்டு துளிர் விட்டிருக்கிறது. கிள்ளவா, வளர விடவா?