அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கு ரோயிங்: மெஷினிலிருந்து படகுக்கு எப்போது மாற்றலாம்?

ஜோகுபாளையம்:
பெங்களூர் அல்சூர் பக்கம் பத்து தன்னார்வலர்கள் சேர்ந்து 9 பேருக்கு ரோயிங் சொல்லித்தருகிறோம். குழந்தைகளுக்கு வயது 17 முதல் 29 வரை. மூன்று பேருக்கு டவுன் சிண்ட்ரோம். ஒருவருக்கு வலிப்பு உண்டு, மாத்திரையில் கட்டுப்பாட்டில் இருக்கிறது. கான்செப்ட்2 மெஷின் (தரையில் உட்கார்ந்து ரோயிங் பழகும் கருவி) இரண்டு இருக்கிறது. நாலு பேர் துடுப்பு வலிக்கும் அகலமான பயிற்சிப் படகு ஒன்று, காக்ஸ் (திசை திருப்பிக் கட்டளை கொடுப்பவர்) சீட்டோடு, இரவல் கிடைக்கும்.

எத்தனை வாரம் கழித்துத் தண்ணீரில் இறக்கலாம்? வீட்டில் தமிழ், ஸ்கூலில் கன்னடமும் இங்கிலீஷும் என்றால் கட்டளை எந்த மொழியில் கொடுப்பது? இன்னொன்று: எல்லாரும் காலை மடக்கியபடியே கையால் இழுக்கிறார்கள். எவ்வளவு சொன்னாலும் அடுத்த ஞாயிறு பழையபடிதான்.

தண்டுவலி:
கடைசிக் கேள்விதான் முதல் வேலை. "காலை நீட்டு, முதுகைச் சாய், அப்புறம் கையை இழு" என்பது நம் காதுக்கு ஒரு வாக்கியம், அவர்களுக்கு மூன்று கட்டளை. சொல்வதைக் குறைத்து, கண்ணுக்குத் தெரிகிற மாதிரி வையுங்கள்.

சீட் ஓடுகிற தண்டவாளத்தில், கால் முக்கால்வாசி நீளும் இடத்தில், சிவப்பு இன்சுலேஷன் டேப் ஒரு சுற்று ஒட்டுங்கள். சீட் அதைத் தொடும்வரை கை கம்பி மாதிரி நேராக இருக்க வேண்டும். இரண்டு மூன்று வாரம் கால் மட்டும்தான், கைப்பிடி முழங்காலைத் தாண்டவே வேண்டாம். இழுத்து முடித்து முன்னே திரும்பும்போது கைப்பிடி முழங்காலில் இடித்தால், கை நீளும் முன்பே கால் மடங்குகிறது என்று அர்த்தம். பக்கத்து மெஷினில் ஒரு தன்னார்வலர் உட்கார்ந்து அதே தாளத்தில் வலிக்கட்டும். எந்த விளக்கமும் அதற்கு ஈடாகாது.

டேம்பரை (மெஷினுக்குள் போகும் காற்றைக் கூட்டிக் குறைக்கும் நெம்பு) பாருங்கள், யாரோ 10-இல் வைத்திருப்பார்கள். பெரிய நம்பர் என்றால் பெரிய பயிற்சி இல்லை. கனம் கூடியதும் கையும் இடுப்பும்தான் பதறும். 3-இல் ஆரம்பித்து, மானிட்டரில் டிராக் ஃபேக்டர் (இழுப்பின் கனத்தைக் காட்டும் எண்) 90 முதல் 110-க்குள் வருகிறதா என்று பாருங்கள். உள்ளே தூசி அடைந்தால் ஒரே டேம்பர் எண்ணுக்கு இரண்டு மெஷினும் வேறு வேறு கனம் காட்டும். கால் பட்டை விரல்களின் அடிப்பகுதி மேல் வரட்டும், கணுக்கால் பக்கம் இல்லை. ஒரு நிமிடம் மெஷினில் இழுப்பது, ஒரு நிமிடம் ஓய்வு, ஆறு தடவை போதும். மானிட்டரைக் காகிதத்தால் மூடிவிடலாம்.

மொழிக்கு உங்கள் ஊரிலேயே வழி இருக்கிறது. "தள்ளு", "நில்லு", "கை" மூன்றும் தமிழிலும் கன்னடத்திலும் ஏறக்குறைய ஒரே சத்தம். இந்த மூன்றோடு நிறுத்துங்கள். ஒருத்தர் "ஸ்டாப்", இன்னொருத்தர் "போதும்மா" என்றால் படகில் ஆபத்து.

பிசியோ அக்கா:
முதலில் ஒன்று. 29 வயசு ஆளை "குழந்தை" என்று எழுதாதீங்க.

டவுன் சிண்ட்ரோமில் கழுத்தின் முதல் இரண்டு எலும்புக்கு நடுவே தளர்வு இருக்கலாம். டாக்டர் பார்த்த பிறகே மெஷின். எக்ஸ்ரே சரி என்பதோடு விட்டுவிடக் கூடாது. நடை மாறுவது, கழுத்து சாய்வது, கை வலுவிழப்பது, புதிதாகச் சிறுநீர் கசிவது, எதைக் கண்டாலும் அன்றே நிறுத்தி டாக்டரிடம் அனுப்புங்க. பிறவி இதயக் கோளாறு ஏறக்குறைய பாதிப் பேருக்கு இருக்கும் என்பதால் எக்கோ (இதய ஸ்கேன்) ரிப்போர்ட்டையும் கேளுங்க. உச்ச இதயத் துடிப்புக்கு 220-இலிருந்து வயதைக் கழிக்கும் கணக்கு இவர்களுக்கு ஒத்துவராது, உச்சத் துடிப்பு குறைவு. பேச்சுக் கொடுத்துப் பாருங்க, மூச்சிரைத்து வார்த்தை உடைந்தால் ஓய்வு. மூட்டு நார்களும் தளர்வு, முழங்காலைப் பின்னால் தள்ளிப் பூட்ட விடாதீங்க.

வலிப்பு உள்ளவர் வந்ததும் இரண்டு கேள்வி: மாத்திரை போட்டாச்சா, ராத்திரி தூங்கினாரா? இரண்டில் எதற்கு "இல்லை" என்றாலும் அன்றைக்குப் படகு இல்லை. டோபிராமேட் மாதிரி சில மாத்திரைகள் வியர்வையைக் குறைக்கும், வெயிலில் கவனம். வலிப்பு வந்தால் நேரம் பார்த்து ஒருக்களித்துப் படுக்க வையுங்க. சாவிக்கொத்தைக் கையில் திணிப்பது, வாயில் ஸ்பூன் வைப்பது கூடவே கூடாது. 5 நிமிடம் தாண்டினால் 108. தண்ணீருக்குள் வந்தால் முகத்தை மேலே தாங்குங்க. நின்ற பிறகும் ஆஸ்பத்திரி கட்டாயம், நுரையீரலில் தண்ணீர் போயிருக்கலாம்.

ஏரிக்கரை:
வாரக் கணக்கு வேண்டாம், மூன்று சோதனை வையுங்கள். மெஷினில் "நில்லு" என்றதும் அடுத்த ஸ்ட்ரோக்குக்குள் (ஒரு முழு இழுப்பு) நிற்க வேண்டும், ஐந்துக்கு ஐந்து. நீச்சல்குளத்தில் லைஃப் ஜாக்கெட்டோடு மல்லாந்து 5 நிமிடம் பதறாமல் மிதக்க வேண்டும். கரையில் கட்டிய படகில் துடுப்புத் தகடுகளைத் தண்ணீர்மேல் படுக்க வைத்து 10 நிமிடம் உட்கார வேண்டும்.

ஜாக்கெட் ஃபோம் வகை, தொடைக்கு நடுவில் வரும் பட்டையோடு. காற்று ஊதும் வகை வேண்டாம், பதற்றத்தில் கயிறு இழுக்கத் தோன்றாது. யாரையும் சீட்டோடு கட்டாதீர்கள். ஷூ ஒரே இழுப்பில் கழல வேண்டும்.

வீரர்கள் (நீங்கள் சொல்லித்தருபவர்கள்) 2, 3-ஆம் சீட்டில். முன்னும் பின்னும் அனுபவமுள்ள தன்னார்வலர்கள். ஒரு ஜோடி வலிக்கையில் மற்ற ஜோடி தகட்டைப் படுக்க வைத்தால் படகு ஆடாது. படகின் இடப்பக்கத் துடுப்புக்குச் சிவப்பு, வலப்பக்கத்துக்குப் பச்சை என்பது வழக்கம். ரோயிங்கில் பின்னோக்கி உட்காருவதால் சிவப்புத் துடுப்பு வலக்கைக்கு வரும், பச்சை இடக்கைக்கு. மணிக்கட்டிலும் அதே நிறப் பட்டை கட்டுங்கள். கைகள் குறுக்கிடும் இடத்தில் இடக்கை மேலே. "பச்சை மேலே" என்றால் போதும். தகடு தண்ணீரில் மாட்டினால் கைப்பிடி நெஞ்சில் அடிக்கும். பிடித்து மல்லுக்கட்டாமல் படுத்து, தலைக்கு மேல் விடப் பழக்குங்கள்.

தன்னார்வலர் கணக்கு: படகில் 2, காக்ஸ் 1, பாதுகாப்புக்குக் கூட வரும் மோட்டார் படகில் 2. ஆக 5 பேர் போனால் கரையில் 7 வீரர்களுக்கு 5 பேர். எனவே ஒரு நேரத்தில் இரண்டே வீரர்கள். இடி கேட்டால் கரை, கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் காத்திருங்கள். ஏரித் தண்ணீரை நம்பாதீர்கள், கொப்புளத்தை மூடி, முடிந்ததும் சோப்பு.

ஜோகுபாளையம்:
இரண்டு மெஷினும் 10-இல்தான் இருந்தது! "குழந்தை"க்கு மன்னிக்கணும் அக்கா. சம்மதக் கடிதத்தில் அப்பா அம்மா கையெழுத்து போதுமா?

பிசியோ அக்கா:
18 தாண்டினால் பெற்றோர் தானாகச் சட்டக் காப்பாளர் ஆகமாட்டார்கள். தேசிய அறக்கட்டளைச் சட்டம் 1999-இன்படி மாவட்ட உள்ளூர் குழு தந்த காப்பாளர் ஆணை இருந்தால் நகல் வாங்குங்க. இல்லாவிட்டாலும் வீரருக்குப் படம் காட்டி விளக்கி, அவர் சம்மதத்தையும் பதியுங்க. படகுக்கு வரப் பிடிக்காதவரை விட்டுவிடுங்க. பாராலிம்பிக் ரோயிங்கில் இவர்களுக்குப் பிரிவு கிடையாது, விர்ட்டஸ் (அறிவுசார் குறைபாடு உள்ள வீரர்களுக்கான உலக விளையாட்டு அமைப்பு) நடத்துவதில் மெஷின் ரோயிங் உண்டு. மெஷினிலேயே இருக்க விரும்புகிறவருக்கும் போட்டி இருக்கு.